மெஜாரிட்டி எப்படியோ அப்படியே

தன்னை வேலையைவிட்டு அனுப்பலாமா வேண்டாமா என்று வீடு வீடாகப் போய்க் கேட்டுவரும் வேலை, டிசம்பர் மாதத்தில் ஹாம் தோக்சுவின் தலையில் வந்து விழுந்தது. இன்ச்சோன் நகரத்துப் புருன்மாரு குடியிருப்பில் இரண்டாம் கட்டடத்துக்குக் காவலாளி அவர். ஒன்பது வருடமாகக் குப்பை பிரித்தார், பார்சல் வாங்கி வைத்தார், பனி பெருக்கினார், குறுக்கே நிறுத்திவிட்டுப் போன கார்களை முதுகு கொடுத்துத் தள்ளினார். இவற்றில் பாதி காவலாளியின் வேலையே அல்ல என்று சட்டம் சொல்கிறதாம். சட்டம் வந்து பனி பெருக்காததால் அவரே பெருக்கினார். அந்தக் கணக்கில் இதுவும் ஒரு வேலை, அவ்வளவுதான்.

எல்லாம் குடியிருப்போர் கூட்டத்தில் ஆரம்பித்தது. தலைவர் மின் கியோங்தால் குளியலறை ஓடு வியாபாரம் செய்து ஓய்வு பெற்றவர். அவருக்கு மரச் சுத்தியல் என்றால் உயிர். “ஆட்சேபம் உண்டா?” என்று கேட்டு, கேட்ட வாய் மூடுவதற்குள் டக் டக் டக் என்று மூன்று முறை மேசையில் தட்டிவிடுவார். அதற்குப் பிறகு ஆட்சேபம் சொல்வது மரியாதைக் குறைவு. அன்றைக்கு அவர் கொண்டுவந்த தீர்மானம், நாலு கட்டடத்துக்கும் இருக்கிற நாலு காவலாளிகளையும் நிறுத்திவிட்டுத் தானியங்கிக் கதவு போடுவது. கதவு தூங்காது, கதவுக்கு மூட்டு வலிக்காது, கதவு காபி குடிக்காது என்று காரணங்களை அடுக்கினார். இப்படி ஒரு தீர்மானத்துக்கு மொத்த வீடுகளில் பாதிக்கு மேல் சம்மதிக்க வேண்டும். ஐந்நூற்றுச் சொச்சம் வீடுகளிலிருந்து கூட்டத்துக்கு வந்தவர்கள் பதினோரு பேர். அதில் ஒருவர் தலைவரின் மனைவி, இன்னொருவர் மச்சான்.

ஹாம் பின்னால் மடக்கு நாற்காலிகளைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தார். நாற்காலி நூறு, ஆள் பதினொன்று என்றாலும் நூறையும் போட வேண்டும் என்பது விதி. தலைவர் காலி நாற்காலிகளை ஆசையோடு பார்த்தபடி பேசினார்.

“இந்த ரூம்ல பதினோரு பேர் இருக்கோம். நாம முடிவெடுத்தா அது சிறுபான்மை. நமக்கு வேண்டியது மெஜாரிட்டி. அது எங்க இருக்கு? வீட்ல இருக்கு, படுத்துக்கிட்டு டிவி பாக்குது. வரலைங்கறதுக்காக அது இல்லன்னு ஆயிடுமா? வராதவங்கதான் இந்தக் குடியிருப்போட பலம். நான் தலைவரானதே வராதவங்க ஆதரவுலதான்.”

மச்சான் கைதட்டினார். தலைவருக்கு உற்சாகம் வந்துவிட்டது.

“மெஜாரிட்டின்னா ஒண்ணுன்னு நெனைக்காதீங்க. வந்தவங்கள்ல மெஜாரிட்டி, அது ஒண்ணு. வர வேண்டியவங்கள்ல மெஜாரிட்டி, அது ஒண்ணு. வந்திருந்தா இதத்தான் சொல்லியிருப்பாங்கங்கற மெஜாரிட்டி, அதுதான் ரொம்ப ஒசத்தி. எந்த நேரத்துக்கு எது தோதோ அத எடுத்து வைக்கறதுக்குப் பேருதான் நிர்வாகம்.”

வராதவர்களைப் பிடிப்பதற்கு வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்குவது என்று முடிவாயிற்று. யார் போவது என்ற கேள்வி வந்தபோது பதினோரு பேரும் தத்தம் செருப்பைப் பார்த்தார்கள். தலைவரே சொன்னார், காவலாளிகள் போகட்டும், அவர்கள் மணி அடித்தால்தான் ஜனங்கள் கதவைத் திறக்கிறார்கள், பார்சல் வந்திருக்கும் என்ற நப்பாசையில். அலுவலக மேலாளர் பாங் தயங்கித் தயங்கி ஒரு சந்தேகம் கேட்டார். அவர்கள் வேலையைப் பற்றிய ஓட்டை அவர்களே கொண்டுபோவது முறையா?

“என்ன சம்பந்தம்? ஹாம் நம்ம ஆளா? வேலைக்கு ஆள் அனுப்பற கம்பெனியோட ஆளு. நாம அவர வேலையவிட்டு எடுக்கப் போறதில்ல. கம்பெனியோட போட்ட ஒப்பந்தத்த முடிச்சுக்கறோம். அதுக்கப்புறம் கம்பெனி அவர என்ன பண்ணுதுங்கறது அவங்க வீட்டு விஷயம். இந்த ஓட்டுக்கும் அவருக்கும் துளிகூட சம்பந்தம் கெடையாது. ஆட்சேபம் உண்டா?”

டக் டக் டக்.

தனக்குச் சம்பந்தமில்லை என்று கேட்டதும் ஒரு நிமிடம் ஹாமுக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. நாற்காலிகளை மடக்கி அடுக்கும்போதுதான் கணக்கு உறைத்தது. அவருக்கு அறுபத்தேழு வயது. இருக்கிற ஆளைக் கம்பெனி வைத்துக்கொள்ளும், ஆனால் அறுபத்தைந்துக்கு மேல் புதிதாக எந்த இடத்திலும் போடாது. இந்தக் காவல் அறையை விட்டு இறங்கினால் மறுபடி எந்தக் காவல் அறையிலும் ஏற முடியாது. பாதி பூமிக்குள் புதைந்த வாடகை வீட்டில், இடுப்பு பிசகிப் போன மனைவி மால்சுன் இருக்கிறாள். இந்தச் சம்பளத்தைத் தவிர அந்த வீட்டுக்கு வேறு போக்கு இல்லை.

மறுநாள் நாலு காவலாளிகளுக்கும் நடுநிலைப் பயிற்சி நடந்தது. மேலாளர் பாங் ஆளுக்கொரு மஞ்சள் கைப்பட்டை கட்டிவிட்டார். வாசலில் நின்று சிரிக்கக் கூடாது, சிரித்தால் அது பிரசாரம். முகத்தைத் தொங்கப்போட்டாலும் பிரசாரம். ஓட்டுப் போடுகிறவர் கேள்வி கேட்டால், “எனக்கு இதில் சம்பந்தமில்லை” என்று சொல்ல வேண்டும். முதல் கட்டடத்துக் காவலாளி சோல் கிபோங்தான் நால்வரில் மூத்தவர், எழுபத்தொன்று. அவருக்கு இருமல். இருமலைப் பற்றி விதியில் ஒன்றும் இல்லாததால் பாங் தலைவருக்குப் போன் போட்டார். இருமல் அனுதாபத்தைத் தூண்டும், அடக்கிக்கொள்ளவும் என்று பதில் வந்தது.

“நான் என்ன தம்பி, ஓட்டுக்காகவா இருமறேன்?” என்று சோல் கேட்டார்.

“எனக்குத் தெரியும்ணே. ஆனா பாக்கறவங்களுக்குத் தெரியாதில்ல.”

அன்று மாலை வீடுகளின் கூரையில் பதித்த ஒலிபெருக்கி எல்லாவற்றிலும் தலைவரின் குரல் கேட்டது. வாக்களிப்பு நாளை ஆரம்பம், அனைவரும் ஒத்துழைக்கவும், காவலாளிகள் பாவமாக நிற்பதைக் கண்டால் உடனே அலுவலகத்துக்குத் தெரிவிக்கவும் என்றது.

படிவம் எளிமையானது. வீட்டு எண், அப்புறம் மூன்று கட்டம். முதல் கட்டம் ‘கதவு’, இரண்டாவது ‘காவலாளி’, மூன்றாவது ‘குறிப்பு’. மூன்றாவது கட்டம் தலைவரின் யோசனை. யார் மனமும் புண்படாமல் யாராவது ஏதாவது சொல்ல நினைத்தால் இடம் வேண்டுமே என்று வைத்தாராம். ஒரு கட்டடத்துக்கு ஒரே தாள்தான், ஒருவர் கையெழுத்துக்குக் கீழே அடுத்தவர் கையெழுத்து. லிஃப்டில் உச்சிக்குப் போய் அங்கிருந்து படியில் இறங்கிக்கொண்டே வாங்கினால் முட்டிக்கு நல்லது என்பது ஹாமின் சொந்த யோசனை. வினையே அந்த ஒரே தாளில்தான் இருந்தது.

பதினைந்தாம் மாடியில் முதல் வீடு. கதவைத் திறந்த இளைஞன் தோளில் ஒரு குழந்தை வீறிட்டுக்கொண்டிருந்தது. தாளை வாங்கி மேலும் கீழும் பார்த்தான். காலியாக இருந்தது. அவன் முகத்தில் ஒரு கலக்கம்.

“மத்தவங்கல்லாம் என்ன போட்டாங்க?”

“நீங்கதான் சார் மொதல்ல.”

“அய்யோ, நானா?” குழந்தையைத் தோள் மாற்றினான். “எதிர்ல நீங்க நிக்கறீங்க, கதவுன்னு எப்படிப் போடறது? காவலாளின்னு போட்டா, இது யாருடா புதுசா வந்தவன் எதுத்து நிக்கறான்னு தலைவர் நெனைப்பாரு. நமக்கெதுக்கு வம்பு. மெஜாரிட்டி எப்படியோ அப்படியேன்னு போட்டுடறேன்.”

குறிப்புக் கட்டத்தில் அழகான கையெழுத்தில் எழுதினான்: மெஜாரிட்டி எப்படியோ அப்படியே.

எதிர்வீட்டு அம்மாள் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதலில் மேல் வரியைப் படித்தாள். ஆகா, எவ்வளவு பண்பாக எழுதியிருக்கிறார்கள் என்று சொல்லி, தானும் அதையே எழுதினாள். பதினான்காம் மாடியில் ‘மேற்படி’ என்று வந்தது. பதிமூன்றாம் மாடியில் ‘மேற்படி’ கூட எழுதாமல் இரட்டைக் கோடு போட்டார்கள். கதவைத் திறந்ததும் எவரும் தன் மனசைக் கேட்கவில்லை. எல்லோர் கண்ணும் நேராக மேல் வரிக்குத்தான் போயிற்று. ஒரு வீட்டில் சூடாகச் சுட்ட சர்க்கரைவள்ளிக் கிழங்கு கொடுத்தார்கள். இன்னொரு வீட்டில் குளிருக்கு உள்ளே வந்து நிற்கச் சொன்னார்கள். கிழங்கைக் கையில் கொடுத்துவிட்டு இரட்டைக் கோடு போட்டவர்களைப் பார்த்து நன்றி சொல்வதா, நடுநிலை காப்பதா என்று அவருக்குப் புரியவில்லை. கிழங்கு கையைச் சுட்டது.

பதினோராம் மாடியில் தனியாக இருந்த ஒரு கிழவர் மட்டும் மேல் வரியைப் பார்க்கவே இல்லை.

“உன்ன எனக்குப் பிடிக்காது. என் சைக்கிள எடுத்துக் குப்பையில போட்டவன் நீ. கதவுன்னு போடறேன்.”

“அது ரெண்டு சக்கரமும் இல்லாம கெடந்துது சார்.”

“சக்கரம் இல்லன்னா சைக்கிள் இல்லன்னு ஆயிடுமா?” பெரிதாக ஒரு டிக் போட்டுத் தாளைத் திருப்பிக் கொடுத்தார். அன்று முழுக்க ஹாமுக்கு மனதுக்குப் பிடித்துப்போன ஒரே ஆள் அவர்தான். முகத்தைப் பார்த்து வேண்டாம் என்றார், அதற்கு ஒரு காரணமும் வைத்திருந்தார்.

ஒன்பதாம் மாடியில் யாங் ஜுயோன் டீச்சர். ஹாமின் நம்பிக்கை முழுவதும் அவள் மேல்தான். வருடாவருடம் கிம்ச்சி ஊறுகாய் போடும் நாளில் ஒரு டப்பா கொண்டுவந்து கொடுப்பாள். கூட்டம் நடந்த மறுநாளே காவல் அறைக்கு வந்து, இது அநியாயம், நாங்கள் விடமாட்டோம் என்று கண் கலங்கச் சொன்னவள். இப்போது கதவைத் திறந்ததும் “குடுங்க, குடுங்க” என்று ஆவலாகத் தாளை வாங்கினாள். பேனாவைக் ‘காவலாளி’ கட்டத்தின் மேல் கொண்டுபோனாள். அப்புறம்தான் கண் மேலே போயிற்று. வரிசையாக இரட்டைக் கோடுகள். பேனா அந்தரத்தில் நின்றது.

“எல்லாரும் இப்படியா போட்டிருக்காங்க?”

“எனக்கு இதுல சம்பந்தமில்லம்மா.”

“நான் மட்டும் மாத்திப் போட்டா, டீச்சர் என்னமோ காட்டிக்கறாங்கன்னு ஆயிடும் இல்ல? எப்படியும் எல்லாரும் உங்க பக்கந்தான். இதுவே உங்களுக்குப் போட்ட மாதிரிதான், தப்பா எடுத்துக்காதீங்க.” இரட்டைக் கோடு போட்டாள். கையெழுத்து மட்டும் கொஞ்சம் கோணிக்கொண்டது. பார்க்க மனசு கேட்காமல் ஹாம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அதுவும் பிரசாரமாகிவிடுமோ என்று உடனே திரும்பி நேராக நின்றார்.

மற்ற மூன்று கட்டடங்களிலும் கதை அதேதான், அங்கங்கே சிலர் மட்டும் ஏதாவது ஒரு கட்டத்தில் டிக் போட்டிருந்தார்கள். அலுவலகத்தில் எண்ணி முடித்தபோது கதவுக்கு முப்பத்தெட்டு, காவலாளிக்குத் தொண்ணூற்றாறு. மெஜாரிட்டி எப்படியோ அப்படியே என்றவர்கள் முந்நூற்று எழுபத்தொருவர்.

அன்று ஹாம் வீட்டுக்குப் போகும்போது நடையே வேறாக இருந்தது. மால்சுனை உட்காரவைத்து விளக்கினார். முப்பத்தெட்டைவிடத் தொண்ணூற்றாறு பெரிது. வாயைத் திறந்து சொன்னவர்களில் மெஜாரிட்டி காவலாளி பக்கம். மிச்சப் பேரெல்லாம் அந்த மெஜாரிட்டி எப்படியோ அப்படியே என்கிறார்கள். அப்படியானால் எல்லோரும் நம் பக்கம்.

“கணக்கு சரியாத்தான் இருக்கு,” என்றாள் மால்சுன். “ஆனா எண்ணப் போறவன் யாரு?”

எண்ணி ஆகிவிட்டது என்று சிரித்துக்கொண்டே சொன்னார். ஒன்பது வருடத்தில் முதல் தடவையாக ஒரு பாட்டில் சோஜு வாங்கி வந்திருந்தார். அதில் பாதியை அவளே குடித்தாள்.

முடிவு சொல்லும் கூட்டத்துக்கு ஒன்பது பேர் வந்தார்கள். மேலாளர் பாங் எண்களைப் படித்தார். மச்சான் பக்கம் லேசான சலசலப்பு. தலைவர் மட்டும் அலட்டிக்கொள்ளவில்லை.

“முப்பத்தெட்டு, இது சிறுபான்மை. தொண்ணூத்தாறு, இதுவும் சிறுபான்மை. கொஞ்சம் பெரிய சிறுபான்மை. சிறுபான்மையை நான் மதிக்கிறேன், அதனாலதான் படிக்கச் சொன்னேன். இப்ப மெஜாரிட்டிக்கு வருவோம். முந்நூத்தி எழுபத்தொண்ணு. அவங்க என்ன சொல்றாங்க? மெஜாரிட்டி எப்படியோ அப்படியேங்கறாங்க. யாரு மெஜாரிட்டி? அவங்கதான். அப்ப அவங்க அவங்களோடயே ஒத்துப்போறாங்க. இப்படி ஒரு ஒத்துமையை எந்த நாட்டுலயாவது பாத்திருக்கீங்களா?”

எந்த நாட்டிலும் பார்த்திருக்கவில்லை என்று ஒன்பது பேரும் ஒப்புக்கொண்டார்கள். பாங் மட்டும் குரலைத் தாழ்த்தி, “அப்ப முடிவு கதவா சார், காவலாளியா சார்?” என்று கேட்டார்.

“மெஜாரிட்டி தன் பொறுப்ப மெஜாரிட்டிகிட்டயே ஒப்படைச்சிடுச்சு. மெஜாரிட்டிக்குப் பிரதிநிதி யாரு? தலைவர். ஆக இந்தப் பாரம் என் தோள்ல வந்து உக்காந்திருக்கு. நான் கேக்கல, அதுவா வந்துச்சு. இதுல என் சொந்த விருப்பத்துக்கு எடமே இல்ல. கதவு. ஆட்சேபம் உண்டா?”

டக் டக் டக்.

ஹாம் கடைசி வரிசையில் நின்றிருந்தார். தொண்ணூற்றாறு என்ற எண் அவர் தலைக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தது. அந்தத் தொண்ணூற்றாறு பேரில் ஒருவரும் அந்த அறையில் இல்லை. கை தூக்கலாமா என்று நினைத்தார், ஆனால் இரண்டு கையிலும் மடக்கு நாற்காலி இருந்தது.

அந்த வாரம் முழுக்க லிஃப்டில் ஜனங்கள் ஹாமைப் பார்த்தால் போனை எடுத்துப் பார்த்துக்கொண்டார்கள். கட்டடத்தில் ஒரு சங்கடம் பரவியது. பார்சலை யார் வாங்குவார், குப்பையை யார் பிரிப்பார் என்றும் பேச்சு எழுந்தது. சங்கடம் தலைவர் காதுக்கும் போயிற்று. அவர் கல்நெஞ்சக்காரர் அல்ல என்று கூரை ஒலிபெருக்கி எல்லா வீட்டுக்கும் அறிவித்தது. நாலு பேரில் ஒருவரை மட்டும் வைத்துக்கொள்ளத் தலைவர் கருணையோடு முன்வந்திருக்கிறார். யார் என்பதைத் தலைவர் சொன்னால் சர்வாதிகாரம் ஆகிவிடும். அதனால் காவலாளிகளே தங்களுக்குள் மெஜாரிட்டி முறையில் ஒருவர் பெயரைச் சொல்லட்டும். யார் பெயருக்கும் மெஜாரிட்டி வராவிட்டால் பொது முடிவான ‘கதவு’ நாலு பேருக்கும் பொருந்தும்.

மேலாளர் அறையில் நாலு பேரையும் வட்டமாக உட்காரவைத்தார்கள். மீந்துபோன படிவத்தையே பாங் எடுத்துக்கொண்டுவந்தார், காகிதத்தை வீணாக்குவானேன் என்று. ‘கதவு’, ‘காவலாளி’ இரண்டையும் அடித்துவிட்டு மூன்றாவது கட்டத்தில் பெயர் எழுதச் சொன்னார். சீட்டுக் குலுக்கிப் போடலாமே என்று ஓக் கேட்டார், மூன்றாம் கட்டடத்துக் காவலாளி. அது சூதாட்டம், ஜனநாயகம் அல்ல என்று விதியில் இருப்பதாகப் பாங் சொன்னார். சொல்லும்போது அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தாள் வயதுப்படி போயிற்று. முதலில் சோல். மனைவி போனபின் அவருக்கு வீடு என்பதே முதல் கட்டடத்துக் காவல் அறைதான். அவர் பேனாவைப் பிடித்துக்கொண்டு மற்ற மூவரையும் ஒவ்வொருவராகப் பார்த்தார். மூத்தவன் தன் பெயரைத் தானே எழுதிக்கொள்வதா? ஒருவன் பெயரை எழுதினால் மற்ற இரண்டு பேர் முகத்தில் எப்படி விழிப்பது? ரொம்ப நேரம் யோசித்து ஒரு வரி எழுதினார். ஓக் வாங்கி மேல் வரியைப் படித்தார், ஒரு பெருமூச்சு விட்டார், இரட்டைக் கோடு போட்டார். நான்காம் கட்டடத்துக் காவலாளி, கு என்பவர், அதற்குக் கீழே இன்னொரு இரட்டைக் கோடு போட்டார்.

கடைசி ஆள் ஹாம். நால்வரில் இளையவர்.

தாளைப் பார்த்த மாத்திரத்தில் அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. சோலின் கோணல் எழுத்தில் அதே வாசகம், ‘மெஜாரிட்டி எப்படியோ அப்படியே’. கீழே இரண்டு கோடு. மூன்று பேர் மெஜாரிட்டியோடு போவதற்குத் தயாராக நிற்கிறார்கள், மெஜாரிட்டி என்று ஒன்றுதான் இன்னும் பிறக்கவில்லை. இவர் ஒரு பெயரை எழுதினால் அதுதான் பெயர் சொன்னவர்களின் மெஜாரிட்டி. மற்ற மூன்று வரிகளும் தன்னால் அதன் பின்னால் வந்து நிற்கும். தலைவரே வந்தாலும் அதைப் புரட்ட முடியாது. நாலு பேருமாக ஐந்நூறு வீடுகளின் படியிறங்கித் தேடிய அந்த மெஜாரிட்டி, இப்போது அவர் கையிலிருந்த பேனா முனையில் உட்கார்ந்திருந்தது.

தன் பெயரை எழுதலாம். மால்சுனின் இடுப்பு ஞாபகத்துக்கு வந்தது. பாதி புதைந்த ஜன்னலில் தெரியும் மற்றவர்களின் கால்கள் ஞாபகத்துக்கு வந்தன. எழுதிவிட்டு நிமிர்ந்தால் எதிரே சோல் இருப்பார். சோல் பெயரை எழுதலாம். ஆனால் ஓக்குக்கு மூன்று பேரப்பிள்ளைகள், அவர் என்ன தப்பு செய்தார்? பேனா முனை தாளைத் தொட்டு ஒரு புள்ளி வைத்தது. புள்ளி ஊறி ஊறிப் பெரிதாயிற்று. மூன்று பேரும் அவர் கையைப் பார்க்கவில்லை, அவர் முகத்தைப் பார்த்தார்கள். குரூரமாக இல்லை, ரொம்பப் பிரியமாகத்தான் பார்த்தார்கள். அதுதான் தாங்க முடியாமல் இருந்தது.

“சீக்கிரம் போடுங்க,” என்றார் பாங். “அஞ்சு மணிக்கு அறிவிக்கணும்.”

ஹாம் அந்தப் புள்ளியை நீட்டினார். கீழே இன்னொரு கோடு இழுத்தார்.

மூவரும் மூச்சு விட்டது காதில் விழுந்தது. சோல் அவர் முதுகில் தட்டி, “நீ நல்லவன்டா தம்பி,” என்றார். பிறகு அடக்கிவைத்திருந்ததையெல்லாம் சேர்த்து இருமினார். இனிமேல் யார் தடுக்கப் போகிறார்கள்? நாலு பேரும் தெருமுனைக்கு நூடுல்ஸ் சாப்பிடப் போனார்கள். ஒருவர் கிண்ணத்தில் இன்னொருவர் முள்ளங்கித் துண்டு எடுத்துவைத்தபடியே இருந்தார்கள். திரும்பி வாசலுக்குள் நுழையும்போது எல்லா ஜன்னலிலிருந்தும் ஒரே குரல் கசிந்துகொண்டிருந்தது.

“...இந்தக் குடியிருப்பு வரலாத்துலயே முதன்முறையா ஒரு தீர்மானம் ஏகமனதா நிறைவேறியிருக்கு. நிறைவேத்தினவங்க யாரு தெரியுமா? நம்ம காவலாளிங்க. ஒருத்தர் பேரக்கூட எழுதாம, தங்க பொழப்பவிட மெஜாரிட்டிதான் முக்கியம்னு நாலு பேரும் ஒரே கையெழுத்தாப் போட்டிருக்காங்க. ஜனநாயகம்னா என்னன்னு இவங்ககிட்ட நாம கத்துக்கணும். எல்லாரும் அவங்கவங்க வீட்லயே எழுந்திருச்சு கைதட்டுங்க.”

யாரும் கைதட்டினார்களா என்று வெளியே நின்றவர்களுக்குத் தெரியவில்லை. சுத்தியல் சத்தம் மட்டும் மூன்று முறை, ஐந்நூறு வீட்டுக் கூரையிலிருந்தும் ஒரே நேரத்தில் கேட்டது.

கடைசி நாள் யாங் டீச்சர் ஒரு பை நிறைய ஆரஞ்சு கொண்டுவந்தாள். மூக்கு சிவந்திருந்தது. என்னால் நம்பவே முடியவில்லை, எப்படித்தான் இப்படிப் போட்டார்களோ, இந்தக் கட்டடத்து ஜனங்களுக்கு ஈவு இரக்கமே இல்லை என்று சொல்லி அழுதாள். ஹாம் கைப்பட்டையைக் கழற்றி மடித்து மேலாளரிடம் கொடுக்க வைத்திருந்தார். அது கழன்றபிறகு அவளைப் பார்த்துச் சிரிக்கலாம், தடையில்லை. சிரிப்பு வரவில்லை. பையை வாங்கிக்கொண்டு குனிந்து வணங்கினார். புதுக் கதவை அன்றைக்குத்தான் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதற்கு அவரைத் தெரியாததால் திறக்க மறுத்தது. டீச்சர் தன் அட்டையைத் தேய்த்து அவரை வெளியே விட்டாள்.

வீட்டில் மால்சுன் ஆரஞ்சை உரித்து அவர் முன்னால் வைத்தாள். அவர் சாப்பிடவில்லை. அவளுக்கு ஆற்றாமை பொங்கிக்கொண்டு வந்தது.

“தொண்ணூத்தாறு பேர் வேணும்னாங்கன்னு சொன்னியே. அப்புறம் ஒரு ஆள வச்சுக்கறேன்னாங்கன்னும் சொன்ன. எல்லாத்தையும் மெஜாரிட்டி, மெஜாரிட்டின்னு சொல்லியே பிடுங்கிட்டாங்க. யாருய்யா அந்த மெஜாரிட்டி? வாசல் வாசலாப் போய் நின்னவன் நீ. ஒரு மூஞ்சிகூடவா ஞாபகம் இல்ல?”

ஹாம் ஜன்னலைப் பார்த்தார். வெளியே யாருடைய கால்களோ பனியில் போய்க்கொண்டிருந்தன.

“இருக்கு,” என்றார். “சோல் அண்ணன். அப்புறம் ஓக். அப்புறம் கு.”

மால்சுன் ஒரு சுளையை அவர் பக்கம் நகர்த்தினாள்.

“கடைசியா நான்.”